ஜாவாவில் "இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

பயணச்சீட்டு என்று ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். வண்டி எண், தேதி, இருக்கை எண் என்று மூன்று ஃபீல்டு. அதே வண்டி, அதே தேதி, அதே இருக்கை போட்டு இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கி, இரண்டும் சமமா என்று ஈக்வல்ஸ் மெத்தடைக் கேட்டால் "இல்லை" என்று பதில் வருகிறது. புதிதாக ஜாவா படிப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். பல வருடம் எழுதிப் பழகியவர்களிடமும் இதே பிழை வேறு வேறு வேஷத்தில் வந்து சேரும். லிஸ்டில் இருப்பது இல்லை என்று வரும், செட்டில் போட்டது தொலைந்துபோகும், நேற்று வரை ஓடிய சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) இன்று வெடிக்கும்.

எல்லா கிளாஸுக்கும் மூத்தது ஆப்ஜெக்ட் என்ற கிளாஸ். அதில் இருக்கும் ஈக்வல்ஸ், உள்ளே இரட்டைச் சமக்குறியை (==) போட்டுப் பார்ப்பதோடு சரி. "நீயும் நானும் ஒரே ஆப்ஜெக்ட்டா?" என்பதுதான் அது கேட்கும் கேள்வி. நமக்குள் இருக்கும் விவரம் ஒன்றா என்று அது பார்ப்பதே இல்லை. இதைக் குறை என்று சொல்ல முடியாது. உங்கள் கிளாஸ் ஒரு ஆளைக் குறிக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைக் குறிக்கிறதா என்று மொழிக்கு எப்படித் தெரியும்? ஒரே வகுப்பில் ஒரே இனிஷியலோடு இரண்டு செந்தில் இருந்தால் அவர்கள் இரண்டு பேர்தான். பத்து ரூபாய் நாணயம் அப்படி இல்லை. எந்த நாணயத்தைக் கொடுத்தாலும் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். நாம் எதுவும் சொல்லாதவரை ஜாவா எல்லாவற்றையும் ஆளாகவே நினைத்துக்கொள்கிறது. நாணயம் என்றால் நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

இந்த வகைப் பிழையில் நேரத்தைத் தின்பது ஊகம்தான். ஈக்வல்ஸைத் திருத்திப் பார்ப்போம், ஹாஷ்கோடை (ஆப்ஜெக்ட்டுக்கு ஓர் எண் தரும் மெத்தட்) திருத்திப் பார்ப்போம் என்று கை வைக்காதீர்கள். முதலில் ஒப்பிட்டது யார் என்று கண்டுபிடியுங்கள். இரட்டைச் சமக்குறியா, ஈக்வல்ஸா, ஹாஷ்கோடா, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லும் கம்பேர்டூவா, அதே வேலைக்கு நீங்கள் தனியாக எழுதிக் கொடுத்த கம்பேரேட்டரா? அரேலிஸ்ட் ஈக்வல்ஸை மட்டும் கேட்கும். ஹாஷ்மேப்பும் ஹாஷ்செட்டும் முதலில் ஹாஷ்கோடைக் கேட்டு, அது பொருந்தினால்தான் ஈக்வல்ஸுக்குப் போகும். ட்ரீமேப்பும் ட்ரீசெட்டும் இவை இரண்டையும் சீண்டவே சீண்டாது. கம்பேர்டூ அல்லது கம்பேரேட்டர் பூஜ்யம் சொன்னால் அவற்றுக்கு இரண்டும் ஒன்று.

அதனால் உங்கள் ஈக்வல்ஸின் முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் (ஓடும் நிரலை அங்கே நிறுத்தும் குறி) வையுங்கள். அங்கே நின்றால், எந்த ஃபீல்டில் வேறுபடுகிறது என்று பார்த்தால் போதும். நிற்கவே இல்லையென்றால் கோளாறு ஈக்வல்ஸில் இல்லை, வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கூடவே இரண்டு ஆப்ஜெக்ட்டின் கெட்கிளாஸ், சிஸ்டம்.ஐடென்டிட்டிஹாஷ்கோட் இரண்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகை வேறா, ஆப்ஜெக்ட் வேறா என்பது அதில் தெரியும்.

அறிகுறி: விவரம் எல்லாம் ஒன்று, ஆனாலும் எப்போதும் "இல்லை"

ஆப்ஜெக்ட்டை அச்சிட்டுப் பாருங்கள். கிளாஸ் பெயர், ஒரு @ குறி, அதன் பின்னால் பதினாறடிமான எண் என்று வந்தால் டூஸ்ட்ரிங் மெத்தடை யாரும் எழுதவில்லை என்று பொருள். டூஸ்ட்ரிங் எழுதாத கிளாஸில் ஈக்வல்ஸும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. (அந்த எண்ணை மெமரி முகவரி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஹாஷ்கோட். அதை முகவரியாக எடுத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.)

ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், வெறும் விவரத்தைச் சுமக்கும் கிளாஸை ரெக்கார்டாக மாற்றிவிடுங்கள். ஈக்வல்ஸ், ஹாஷ்கோட், டூஸ்ட்ரிங் மூன்றும் எல்லா ஃபீல்டையும் வைத்துத் தானாகவே கிடைக்கும். நாணயம் போன்ற பொருளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள், நிரல் எழுதப் பயன்படுத்தும் ஐடிஇயிடமே (IDE) எழுதச் சொல்லலாம். கையால் எழுதினால் வரிசை இதுதான்: வந்தது நான்தானா என்று இரட்டைச் சமக்குறியால் பார், ஆம் என்றால் உண்மை, என் வகையா என்று பார், இல்லை என்றால் பொய், பிறகு ஒவ்வொரு ஃபீல்டாக ஒப்பிடு. நல் (null, எந்த ஆப்ஜெக்ட்டும் இல்லை என்ற மதிப்பு) வரக்கூடிய ஃபீல்டுக்கு ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் இருக்கிறது, ஜாவா 7 முதல் உண்டு, இரண்டு பக்கமும் நல் என்றாலும் விழாது. இதை எழுதிய கையோடு அதே ஃபீல்டுகளை வைத்து ஹாஷ்கோடையும் எழுதிவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

சில கிளாஸ்களைப் பார்த்தால் ஈக்வல்ஸ் எழுதியிருப்பார்கள் என்று தோன்றும், ஆனால் இருக்காது. ஸ்ட்ரிங்பில்டர் அப்படி ஒன்று. ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு ஸ்ட்ரிங்பில்டர்கள் ஈக்வல்ஸில் சமமாகாது. அட்டாமிக்இன்டீஜரும் அப்படித்தான். ஹாஷ்மேப்பின் வேல்யூஸ் மெத்தட் தரும் கலெக்‌ஷனும் அப்படித்தான், அதை அரேலிஸ்டாக மாற்றாமல் ஒப்பிடக் கூடாது.

அறிகுறி: சிறிய எண்ணுக்குச் சரி, பெரிய எண்ணுக்குத் தவறு

இதை நான் நேரில் அனுபவித்தேன். ஒரு கடைக்கான பில்லிங் மென்பொருளில் இரண்டு வாடிக்கையாளர் எண்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தோம். இரண்டும் சிறிய எழுத்து இன்ட் அல்ல, இன்டீஜர் ஆப்ஜெக்ட். சோதனைக்கு வைத்திருந்த தரவில் நாற்பது வாடிக்கையாளர்தான். எல்லாம் பச்சை. கடையில் ஓடத் தொடங்கிச் சில வாரம் கழித்துப் புதிய வாடிக்கையாளர்களின் பழைய பாக்கி மட்டும் பில்லில் வரவில்லை. பழையவர்களுக்கு வந்தது. இரண்டு நாள் தரவுத்தளத்தைக் குடைந்தோம். 127ஆம் எண் வரை பாக்கி வருகிறது, 128இலிருந்து வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

-128 முதல் 127 வரையான எண்களை ஆப்ஜெக்ட்டாக மாற்றும்போது ஜாவா ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டையே திரும்பக் கொடுக்கும். அதனால் அந்த எல்லைக்குள் இரட்டைச் சமக்குறி தற்செயலாகச் சரியான விடை சொல்கிறது. அதைத் தாண்டினால் பொதுவாக ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட். லாங் வகைக்கும் இதே எல்லைதான். தீர்வு எளிது, ஈக்வல்ஸ் போடுங்கள், அல்லது ஒரு பக்கத்தையாவது இன்ட் ஆக்குங்கள். இன்டீஜருக்கான கேச் எல்லையை ஜேவிஎம் தேர்வு கொடுத்து உயர்த்த முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பிழையைத் தள்ளிப் போடும், தீர்க்காது.

ஸ்ட்ரிங்கிலும் இதே கதை. நிரலுக்குள் மேற்கோளில் எழுதிய சொற்கள் எல்லாம் ஒரே குளத்திலிருந்து வருகின்றன, அதனால் டெஸ்டில் "மதுரை" == "மதுரை" உண்மை. கோப்பிலிருந்தோ படிவத்திலிருந்தோ வந்த "மதுரை" வேறு ஆப்ஜெக்ட், அங்கே பொய். டெஸ்ட் சரி, நிஜத்தில் தவறு என்றால் முதலில் இதைத் தேடுங்கள். ஆப்ஜெக்ட்டுகளில் இரட்டைச் சமக்குறி கவலையில்லாமல் போடத் தகுந்த இடம் ஈனம் (enum, மதிப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்ட வகை) மட்டும், அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஆப்ஜெக்ட்தான்.

அறிகுறி: நேரடியாகக் கேட்டால் "ஆம்", லிஸ்டைக் கேட்டால் "இல்லை"

அ.ஈக்வல்ஸ்(ஆ) உண்மை. அ இருக்கும் லிஸ்டில் கன்டெய்ன்ஸ்(ஆ) பொய். உங்கள் ஈக்வல்ஸின் தலைப்பு வரியைப் பாருங்கள். அடைப்புக்குள் பயணச்சீட்டு என்று இருந்தால் அதுதான் காரணம். நீங்கள் எழுதியது ஓவர்ரைடு ஆகாது, ஓவர்லோடு. ஆப்ஜெக்ட் வகையை வாங்கும் பழைய ஈக்வல்ஸ் அப்படியே உயிரோடு இருக்கிறது, லிஸ்ட் அதைத்தான் அழைக்கிறது. மெத்தடுக்கு மேல் @ஓவர்ரைடு போட்டால் கம்பைலரே இதைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஜாவா 5 முதல் இருக்கும் வசதி இது. ஒரு வரியைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு ஒரு நாளை இழந்தவர்கள் நிறைய.

தலைப்பு வரி சரியாக இருந்தால் வகையைப் பாருங்கள். லாங் லிஸ்டில் கன்டெய்ன்ஸ்(5) என்று கேட்டால் அந்த 5 இன்டீஜராக மாறும். இன்டீஜர் 5, லாங் 5 இரண்டும் ஈக்வல்ஸுக்குச் சமம் அல்ல. கன்டெய்ன்ஸ் எந்த ஆப்ஜெக்ட்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கம்பைலரும் வாய் திறக்காது. லாங் சாவி உள்ள மேப்பில் கெட்(5) எப்போதும் நல் தருவதும் இதனால்தான். 5 என்ற எண்ணோடு எல் எழுத்தைச் சேர்த்து லாங் ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

அறிகுறி: ஈக்வல்ஸ் உண்மை சொல்கிறது, ஹாஷ்செட் "எனக்குத் தெரியாது" என்கிறது

இந்த ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கே இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே காய்ச்சல்.

ஹாஷ்மேப்பை ஊர்த் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்துப் போடும் அறைப்பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் போடுவது என்பதை ஹாஷ்கோட் தீர்மானிக்கிறது. புதிய ஹாஷ்மேப்பில் 16 அறை, முக்கால்வாசி அளவுக்குச் சேர்ந்ததும் இரட்டிப்பாகும். தேடும்போது முதலில் அந்த அறைக்குப் போகும். அறைக்குள்ளும் நேரே ஈக்வல்ஸைக் கேட்காது. போட்டபோது குறித்து வைத்த ஹாஷ் எண்ணும் இப்போது தேடுபவரின் ஹாஷ் எண்ணும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாக இருந்தால் மட்டும்தான் ஈக்வல்ஸ்.

முதல் நோய்: ஈக்வல்ஸ் எழுதினீர்கள், ஹாஷ்கோட் எழுதவில்லை. அப்போது ஹாஷ்கோட் இன்னும் ஆப்ஜெக்ட் கிளாஸுடையதுதான், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாக வேறு எண். சமமான இரண்டு சீட்டு இரண்டு அறைக்குப் போகும். தற்செயலாக ஒரே அறையில் விழுந்தாலும் ஹாஷ் எண் வேறு என்பதால் ஈக்வல்ஸ் வரை விஷயம் போகாது. பிரேக்பாயின்ட் நிற்காத அறிகுறி இதுதான். சமமானவை ஒரே ஹாஷ்கோட் தர வேண்டும் என்பது ஜாவாவின் எழுதப்பட்ட ஒப்பந்தம். ஆப்ஜெக்ட்ஸ்.ஹாஷ் என்று ஈக்வல்ஸ் பார்க்கும் அதே ஃபீல்டுகளைக் கொடுத்தால் போதும். ஈக்வல்ஸ் பார்க்காத ஒரு ஃபீல்டை, உதாரணத்துக்குச் சீட்டு அச்சிட்ட நேரத்தை, ஹாஷ்கோடில் சேர்த்துவிட்டால் இதே நோய் திரும்ப வரும்.

மாறாக எல்லாவற்றுக்கும் ஹாஷ்கோட் 1 என்று எழுதிவிட்டால்? விடை சரியாக வரும், வேகம் போய்விடும். எல்லாக் கடிதமும் ஒரே அறையில் குவியும். ஜாவா 8க்குப் பிறகு அப்படிக் குவியும் அறையைச் சிவப்பு-கறுப்பு மரமாக மாற்றிச் சமாளிக்கிறார்கள், ஆனால் சாவிகள் கம்பேரபிளாக இல்லாவிட்டால் அந்த மரத்தாலும் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது நோய் பிடிபடாமல் ஏய்க்கும். இரண்டு மெத்தடும் சரியாக இருக்கின்றன. சீட்டை செட்டில் போட்டீர்கள். அப்புறம் பயணி கேட்டார் என்று செட்இருக்கை(14) என்று இருக்கையை மாற்றினீர்கள். இப்போது அதே சீட்டை, அதே ஆப்ஜெக்ட்டையே, செட்டில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று வரும். ரிமூவ் கொடுத்தாலும் போகாது. ஆனால் செட்டை ஒவ்வொன்றாக அச்சிட்டால் கண்ணெதிரே இருக்கும்! கடிதம் பழைய அறையில் கிடக்கிறது, நீங்கள் புதிய முகவரியின் அறையில் தேடுகிறீர்கள்.

சோதித்துப் பார்க்க வழி: அந்த செட்டிலிருந்து புதிய ஹாஷ்செட் ஒன்று உருவாக்கி அதில் கேளுங்கள். புதியதில் கிடைக்கிறது, பழையதில் கிடைக்கவில்லை என்றால் உள்ளே போன பிறகு யாரோ ஃபீல்டை மாற்றியிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. சாவியாகப் போகும் கிளாஸின் ஃபீல்டுகளை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்குவதுதான் நிலையான தீர்வு. முடியாது என்றால் வெளியே எடுத்து, மாற்றி, திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: தரவுத்தளத்தில் சேமித்தவுடன் செட்டிலிருந்து காணாமல் போகிறது

மேலே சொன்ன இரண்டாவது நோய்தான், ஆப்ஜெக்ட்டைத் தரவுத்தளத்தில் சேமித்துத் தரும் ஹைபர்நேட் என்ற நூலகம் வழியாக வருகிறது. அப்படிச் சேமிக்கப்படும் ஆப்ஜெக்ட்டான என்டிட்டியின் ஹாஷ்கோடை ஐடியை வைத்து எழுதியிருப்பீர்கள். புது ஆப்ஜெக்ட்டுக்கு ஐடி நல். செட்டில் போட்டு, சேமித்தவுடன் தரவுத்தளம் ஐடி கொடுக்கிறது, ஹாஷ்கோட் மாறுகிறது.

என்டிட்டி என்பது ஆள், நாணயம் அல்ல. அதனால் எல்லா ஃபீல்டையும் ஒப்பிடுவது இங்கே சரிப்படாது. ஒருவர் வீடு மாறினால் வேறு ஆளாகிவிடுவாரா? நான் விரும்பும் வழி, ஆப்ஜெக்ட் உருவாகும்போதே நிரலுக்குள் ஒரு யூயூஐடி (மற்றொன்றோடு மோதாத நீண்ட அடையாள எண்) கொடுத்து அதையே அடையாளமாக வைப்பது. பிஎன்ஆர் எண் போல மாறாத இயற்கை எண் இருந்தால் அதுவும் நன்று. இரண்டும் இல்லாவிட்டால் ஈக்வல்ஸில் ஐடியை ஒப்பிட்டு (நல் என்றால் பொய்), ஹாஷ்கோடை அந்த கிளாஸுக்கு ஒரே மாறிலியாக வைத்துவிடலாம். சில நூறு என்டிட்டி உள்ள செட்டுக்கு வேகம் பாதிப்பது தெரியாது.

ஹைபர்நேட்டில் இன்னொரு பொறி உண்டு. தாமதமாக ஏற்றும் உறவுகளுக்கு அது உங்கள் கிளாஸிலிருந்து பிறந்த ப்ராக்ஸி (அசலுக்குப் பதில் நிற்கும் ஆப்ஜெக்ட்) ஒன்றைத் தருகிறது. கெட்கிளாஸ் ஒன்றா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் அங்கே தோற்றுவிடும், இன்ஸ்டன்ஸ்ஆஃப் தோற்காது. எதிர் ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டை நேராகத் தொட்டாலும் ப்ராக்ஸியில் நல்தான் கிடைக்கும், கெட்டர் வழியாகப் போங்கள்.

ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் போன்றவற்றைத் தானாக எழுதித் தரும் லாம்பாக் நூலகத்தின் @டேட்டாவை என்டிட்டிக்கு மேல் போட்டு, ஆர்டர் தன் வரிகளையும் வரி தன் ஆர்டரையும் சுட்டினால் ஹாஷ்கோட் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே போய் ஸ்டாக்ஓவர்ஃப்ளோ வரும். ஒரு பக்கத்தை விலக்குங்கள். என்டிட்டிக்கு @டேட்டா வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி: ட்ரீசெட்டில் போட்டால் ஆட்கள் குறைகிறார்கள்

மதிப்பெண் வரிசையில் மாணவர்கள் வேண்டும் என்று மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் கம்பேரேட்டரைக் கொடுத்து ட்ரீசெட் உருவாக்குகிறீர்கள். நாற்பது பேரைப் போட்டால் முப்பத்தொரு பேர் நிற்கிறார்கள். 92 வாங்கிய இரண்டாவது பிள்ளை எங்கே? கம்பேரேட்டர் பூஜ்யம் சொன்னது, ட்ரீசெட் "ஏற்கெனவே இருக்கிறார்" என்று எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஆட் மெத்தட் பொய் என்று திருப்பித் தரும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுவது சின்ன விஷயம் அல்ல, அதனால் இதில் கவனமாக இருங்கள். மதிப்பெண்ணுக்குப் பின் தென்கம்பேரிங் போட்டுப் பதிவெண்ணையும் சேர்த்தால் சரியாகிவிடும். வெறும் வரிசைதான் வேண்டும் என்றால் லிஸ்டில் வைத்து சார்ட் செய்யுங்கள், அது யாரையும் தள்ளாது.

பணக்கணக்கு எழுதுகிறவர்கள் பிக்டெசிமலில் இதைச் சந்திப்பார்கள். 2.0, 2.00 இரண்டும் ஈக்வல்ஸுக்கு வேறு, ஏனென்றால் அது தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. கம்பேர்டூவுக்கு ஒன்று. அதனால் இந்த இரண்டையும் ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டு, ட்ரீசெட்டில் போட்டால் ஒன்று. பாக்கி பூஜ்யமா என்று ஈக்வல்ஸால் பிக்டெசிமல்.ஜீரோவோடு ஒப்பிட்டால் 0.00 தோற்றுவிடும். கம்பேர்டூ அல்லது சிக்னம் பூஜ்யமா என்று பாருங்கள்.

அறிகுறி: "கம்பாரிசன் மெத்தட் வயலேட்ஸ் இட்ஸ் ஜெனரல் கான்ட்ராக்ட்!"

சார்ட் செய்யும்போது இந்த வாசகத்தோடு இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன் வந்தால் உங்கள் கம்பேரேட்டர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறது. அவைவிட ஆ பெரிது, ஆவைவிட இ பெரிது, இயைவிட அ பெரிது என்று வட்டமாகச் சொல்லியிருக்கிறது. மிகப் பழைய குற்றவாளி, அ - ஆ என்று கழித்து விடையைத் திருப்பித் தருவது. 200 கோடியிலிருந்து -200 கோடியைக் கழித்தால் இன்ட் கொள்ளாது, குறி தலைகீழாகும். இன்டீஜர்.கம்பேர் போடுங்கள். அடுத்த குற்றவாளி, சமமாக இருக்கும்போதும் பூஜ்யம் தராமல் 1 அல்லது -1 தருவது. மூன்றாவது, சார்ட் ஓடும்போதே வேறு த்ரெட் ஃபீல்டை மாற்றுவது.

டெஸ்டில் ஏன் வரவில்லை? ஜாவா 7 முதல் பயன்படும் டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை, 32க்குக் குறைவான உறுப்புகள் இருந்தால் எளிய செருகு முறையில் அடுக்கிவிடும். முரணைக் கண்டுபிடிக்கும் பகுதி அங்கே ஓடுவதே இல்லை. பத்து வரி வைத்துச் சோதித்தால் எந்நாளும் தெரியாது. பழைய மெர்ஜ் சார்ட்டுக்குத் திரும்ப ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கிறது. அதைப் போட்டால் செய்தி மறையும், தவறான வரிசை மட்டும் அப்படியே தங்கிவிடும். போடாதீர்கள்.

அறிகுறி: டெஸ்ட் தோற்கிறது, இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று

உரு ஒன்றாக இருந்தால் டெஸ்ட் ஓட்டும் ஜேயூனிட் கிளாஸ் பெயரையும் சேர்த்துக் காட்டும், அதைப் படியுங்கள். ஒரு பக்கம் இன்டீஜர், மறுபக்கம் லாங் என்று இருக்கும். அல்லது டேட், டைம்ஸ்டாம்ப். இந்த ஜோடி விசித்திரமானது. டேட் பக்கமிருந்து கேட்டால் சமம் என்று வரலாம், டைம்ஸ்டாம்ப் பக்கமிருந்து கேட்டால் ஒருபோதும் வராது. ஜாவாவின் சொந்த ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது.

அரே என்றால் வகை ஒன்றாக இருந்தாலும் தோற்கும். அரேக்கு ஈக்வல்ஸ் எழுதப்படவே இல்லை, ஆப்ஜெக்ட்டுடையதுதான். அரேஸ்.ஈக்வல்ஸ், அரேக்குள் அரே என்றால் அரேஸ்.டீப்ஈக்வல்ஸ். ரெக்கார்டுக்குள் அரே வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், ரெக்கார்டு அதை உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. லிஸ்டாக மாற்றிவிடுங்கள்.

நேரத்தில் ஒரு நுணுக்கம். சென்னையில் காலை 10 மணி என்பதும் யாழ்ப்பாணத்தில் காலை 10 மணி என்பதும் ஒரே கணம், இரண்டு நாடும் இப்போது உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணி நேரம் முன்னால்தான் இருக்கின்றன. ஆனாலும் ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொழும்பு என்று மண்டலம் கொடுத்த இரண்டு சோன்ட்டேட்டைம் ஈக்வல்ஸில் சமமாகாது, மண்டலத்தின் பெயரையும் அது பார்க்கிறது. கணம் ஒன்றா என்று கேட்க இஸ்ஈக்வல் இருக்கிறது. சேமித்து வைப்பது என்றால் இன்ஸ்டன்டாக மாற்றியே வையுங்கள்.

யூஆர்எல் கிளாஸை மேப்பில் சாவியாக வைத்து நிரல் நின்று நின்று ஓடினால், அதன் ஈக்வல்ஸ் ஹோஸ்ட் பெயரை ஐபி முகவரியாக மாற்றிப் பார்க்க நெட்வொர்க்குக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யூஆர்ஐ கிளாஸுக்கு மாறுங்கள்.

அறிகுறி: தமிழ்ச் சொல் இரண்டும் கண்ணுக்கு ஒன்று, ஈக்வல்ஸுக்கு வேறு

நம் மொழியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "கொடி" என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க, அதன் பின் ஒகரத்துக்கான ஒரே குறி, ட, இகரக் குறி என்று நான்கு. அல்லது ஒகரத்தை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து மொத்தம் ஐந்து. திரையில் துளி வேறுபாடு தெரியாது. ஸ்ட்ரிங்கின் ஈக்வல்ஸ் எண்ணை மட்டும் ஒப்பிடுவதால் பொய் சொல்லும். லெங்த் கேட்டால் 4, 5 என்று வரும், அதுதான் கண்டுபிடிக்கும் வழி. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

ஜாவாவில் நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது. என்எஃப்சி வடிவம் கேட்டால் பிரிந்த குறிகளைச் சேர்த்துக் கொடுக்கும். ஒப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் இதைச் செய்ய முயலாதீர்கள், ஓர் இடம் விட்டுப்போகும். வெளியிலிருந்து சொல் உள்ளே வரும் வாசலில், படிவத்தையோ கோப்பையோ படித்தவுடன், ஒரு முறை செய்துவிடுங்கள். கூடவே ஸ்ட்ரிப் போட்டு ஓரத்து வெற்றிடத்தையும் நீக்குங்கள்.

நார்மலைசர் தொடாதவையும் உண்டு. ஔகாரத்தின் கடைசிக் குறிக்குப் பதில் ள எழுத்தைத் தட்டியிருந்தால் அது வேறு எழுத்தாகவே இருக்கும். ஸகரம் போட்டு எழுதிய ஸ்ரீயும் ஶகரம் போட்டு எழுதிய ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவில் தெரிந்தாலும் சேராது. இவற்றுக்கு நாமே ஒரு சிறிய மாற்றுப் பட்டியல் வைத்து, என்எஃப்சி முடிந்த கையோடு அதே வாசலில் ஓடவிட வேண்டியதுதான்.